சிவப்புக் காருக்கு நான் சொன்ன பாதிக் கணக்கு

கராஜைப் பூட்டிச் சாவியைக் கொடுத்து மூன்று வருடமாகிறது. ஆனாலும் கராஜ் வைத்திருக்கிற நீங்கள் என்னை விடுகிறீர்கள் இல்லை. "ஐயா, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்டு வேலைக்கு வந்திருக்கு, எவ்வளவு சொல்லலாம்?" என்று மாதத்தில் ஒருவராவது போன் எடுக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். என் கெட்டித்தனத்தைப் பற்றி வாசிக்க வந்தவர்கள் இதைத் தாண்டிப் போங்கள். இந்தக் கதையில் நான் நடுத்தெருவில் அடி வாங்குகிறேன். அது எனக்கு வேண்டிய அடி.

களுவாஞ்சிகுடியில் என் கராஜுக்கு வந்தவை பெரும்பாலும் வான், லொறி, உழவு இயந்திரம், ஓட்டோ. அங்கே ஒருநாள் வெள்ளன ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. இரண்டே கதவு. நிலத்தோடு ஒட்டிய உடம்பு. வயது பதினேழு. ஓட்டி வந்தவன் பழுகாமத்துச் சசி, கட்டாரில் ஏழு வருடம் கம்பி கட்டும் வேலை செய்துவிட்டு வந்தவன். வேலைக்குப் போகும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்ற நாட்களில் இப்படியான கார்கள் முன்னால் பறந்துபோவதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறான். ஊருக்கு வந்து, கொழும்பில் ஒருவர் கைமாற்றிவிடத் துடித்துக்கொண்டிருந்த இந்தக் காரை வாங்கிவிட்டான். வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. ஓட்டை வானுக்குக்கூட யானை விலை. இந்தக் கார் மட்டும் ஏன் மலிவாகக் கிடைத்தது என்று அவன் யோசிக்கவில்லை.

வெறும் ஆசைக்காக வாங்கியதாகவும் அவனைச் சொல்ல முடியாது. மாப்பிள்ளைக் காராக வாடகைக்கு விடுவது அவனுடைய திட்டம். இப்போது நம் பக்கத்துக் கலியாணங்களில் மாப்பிள்ளை இறங்குவதைப் படம் பிடிக்க ட்ரோன் பறக்கிறது, அதற்கேற்ற கார் வேண்டுமென்கிறார்கள். முதல் கலியாணமும் தயாராக இருந்தது. அவனுடைய மனைவி கலாவின் தம்பிதான் மாப்பிள்ளை. பெண் வீடு களுவாஞ்சிகுடியில், என் கராஜிலிருந்து ஆறேழு ஒழுங்கை தள்ளி. கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது.

காரைக் குழியின் மேல் ஏற்றி ஒரு மணித்தியாலம் பார்த்தேன். கிளச் முடியும் தறுவாய். ரேடியேற்றர் மேற்பக்கம் வெடித்திருந்தது. பின் பிறேக் தட்டுகளை உப்புத் தின்றிருந்தது. ரயர்களில் பூ தேயாமல் இருந்தது, ஆனால் ரப்பர் செத்துப்போயிருந்தது. பெற்றோல் போகும் ரப்பர்க் குழாய் பாளம் பாளமாக வெடிப்பு விட்டிருந்தது. இவை நம்ம ஊர் வான் ஒன்றில் இருந்தால் ஒரு கிழமை வேலை. இந்தக் காருக்கு ஒவ்வொன்றையும் கொழும்பில் தேட வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் ஜப்பானிலிருந்து யாரையாவது பிடித்து எடுப்பிக்க வேண்டும். அதற்குப் பிறேக் கட்டை வாங்கும் காசில் வான் ஒன்றின் நாலு சில்லுக்கும் பிறேக் போட்டுவிடலாம். கார் வயதாகி மலிவாகும், அதன் சாமான்களின் விலை மட்டும் புதுக் காரின் விலையிலேயே நிற்கும். வாங்குகிற யாருக்கும் இதை விற்பவன் சொல்வதில்லை.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஆறு லட்சத்தைத் தாண்டியது. குழியிலிருந்து ஏறி வந்தேன். சசி காரைத் தடவிக்கொண்டு நின்றான். கூட வந்திருந்த கலா காரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் தாலிக்கொடி தவிர வேறொன்றுமில்லை. மற்ற நகைகள் எங்கே போயின என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டரை லட்சம் வரும் மனே" என்றேன்.

இது நம் தொழிலின் பழக்கம். இல்லையென்று உங்களில் ஒருவரும் சத்தியம் செய்ய மாட்டீர்கள். நான் தொழில் பழகிய கராஜின் முதலாளி முதல் மாதமே எனக்கு இதைப் படிப்பித்தார். முழுத் தொகையையும் முதல் நாள் சொல்லாதே, பயந்துபோய் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான், பாதியைச் சொல்லிக் கழற்று, கழற்றிய பிறகு மற்றப் பாதி தானாக வரும் என்பார். அவர் கெட்ட மனுசனில்லை. வந்தவன் மனம் நோகக்கூடாது என்றும் உண்மையாகவே நினைத்தார். நானும் முப்பத்தைந்து வருடம் அப்படித்தான் நினைத்தேன். மனம் நோகக்கூடாது என்பது பாதி, வேலை கைவிட்டுப் போகக்கூடாது என்பது மற்றப் பாதி. இந்த இரண்டாவது பாதியை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

கலா கேட்டாள். "இதோட முடிஞ்சிருமா ஐயா? மறுகா மறுகா செலவு வராதே?"

"ஓம் புள்ள. இதோட சரி."

அவ்வளவுதான் நான் செய்தது. அந்த நேரத்தில் அதைப் பொய்யென்றுகூட நான் நினைக்கவில்லை.

சொன்ன காசுக்குள் கிளச்சையும் ரேடியேற்றரையும் பின் பிறேக்கையும் முடித்தேன். மிஞ்சியது பெற்றோல் குழாய். தாங்கியிலிருந்து வருவது இரும்புக் குழாய், என்ஜினுக்குக் கிட்ட வந்ததும் ஒரு முழம் ரப்பர். அந்த ஒரு முழம் சைலன்சர்க் குழாய்க்கு மேலே, சூட்டில், நல்ல அழுத்தத்தோடு பெற்றோலைக் கொண்டுபோக வேண்டும். அதற்கென்று உள்ள குழாயைக் கொழும்பில் சொல்லிவைத்திருந்தேன். அது வரவில்லை. கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சசி வந்து கராஜ் வாசலில் நின்றான். காரைக் கழுவ வேண்டும், பூ கட்ட வேண்டும், படம் பிடிக்கிறவன் ஒருமுறை ஓடிப் பார்க்கக் கேட்கிறான். வியர்வை வழிய வழியப் பேசினான்.

என் அலுமாரியில் ஒரு சுருள் ரப்பர் குழாய் கிடந்தது. தண்ணிக்குப் போடுகிற குழாய். பார்வைக்கு அதே கறுப்பு, அதே தடிப்பு. ஒரு முழம் வெட்டிப் பூட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினேன். அரை மணித்தியாலம் என்ஜினை ஓடவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. இரண்டு நாளைக்குத் தாங்கும், கலியாணம் முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சசிக்குச் சொல்லவில்லை. சொன்னால், இதோடு சரி என்றீர்களே என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

"மெதுவா ஓடு மனே" என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான். மாப்பிள்ளைக் காரை யார் வேகமாக ஓட்டுவார்கள்?

கலியாணத்துக்கு எனக்கும் சொல்லியிருந்தார்கள். காலையில் பட்டு வேட்டி கட்டி, மொய்க் கவரைக் கராஜ் மேசைக்குள் வைத்த ஞாபகத்தில் எடுக்கப் போனேன். மேசைக்குப் பக்கத்தில் ஆணிகளைப் பெற்றோலில் ஊறப்போடும் தகரத் தட்டு இருந்தது. அதற்குள் கறுப்பாக ஏதோ கிடந்தது. குழாயை வெட்டியபோது மிஞ்சிய துண்டு, நாலு விரல் நீளம். எப்போது விழுந்ததோ தெரியாது. எடுத்தேன். இரண்டு மடங்கு தடித்திருந்தது. பெருவிரலால் அமத்தினேன். பிய்ந்து கையோடு வந்தது, விரலெல்லாம் கறுப்பு.

காரில் பூட்டிய துண்டுக்கும் இதே கதிதான். போனை எடுத்துச் சசிக்கு அடித்தேன். மணி போகிறது, எடுக்கிறான் இல்லை. ஆறு தரம் அடித்தேன். வேட்டி கட்டியதால் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பழுகாமத்திலிருந்து வரும் வழியில் பட்டிருப்புப் பாலத்துக்குப் போய் மறிப்போமா என்று மோட்டார் சைக்கிளை உதைத்தேன். அப்போது பெண் வீட்டுப் பக்கமிருந்து மேளம் கேட்டது. மாப்பிள்ளைக் கார் ஒழுங்கை வாசலுக்கு வந்தால்தான் மேளம் தொடங்கும். கார் பாலத்தைத் தாண்டிவிட்டது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். ஒழுங்கைக்குள் நுழைந்து, மோட்டார் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டுப் பார்த்தேன். தூரத்தில் மேளகாரர், அவர்களுக்குப் பின்னால் ஆட்கள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வருகிறது சிவப்புக் கார். காற்றுப் படாத என்ஜின் கொதிக்கும். காரைச் சுற்றிப் பெண்டுகள், பிள்ளைகள், தலைக்கு மேலே ட்ரோன். இந்தப் பக்கம், நான் நின்ற இடத்திலிருந்து பத்தடியில் பெண் வீட்டுக் கேற். கேற்றிலிருந்து ஒழுங்கை ஓரமாக நீட்டுக்குச் சீனவெடிச் சரம் விரித்திருந்தது. பெண்ணின் தாய்மாமன், பனியன் தெரிய மெல்லிய சேட்டுப் போட்ட பெரிய மனுசன், கையில் புகைகிற ஊதுபத்தியோடு காரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கார் கிட்ட வந்ததும் கொளுத்த வேண்டும்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம்ம புத்தி முதலில் வாகனத்திடம்தான் ஓடும். பிழை அங்கேதானே இருக்கிறது. நானும் காரை நோக்கி இரண்டு அடி வைத்தேன். மேளச் சத்தத்தில் நான் கத்துவது சசிக்குக் கேட்காது. சனத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் இங்கே வெடி தொடங்கிவிடும். பெற்றோல் என்று கூவினால் சனம் பயந்து எந்தப் பக்கம் சிதறும் என்று யாருக்குத் தெரியும், காரடியிலேயே நெரிபட்டு விழும். கார் ஒழுகினாலும் இந்த நெருப்புத்தான் ஆளைக் கொல்லும். நெருப்பு எனக்குப் பத்தடியில் இருந்தது. திரும்பினேன்.

"அண்ணே, கொளுத்தாதீங்க! வேணாம்!"

அவருக்குக் கேட்கவில்லை. நான் கையை ஆட்டுவதைப் பார்த்துச் சிரித்தார். "என்னகா மேசன், வெடிக்குப் பயமோ?" என்று கத்திவிட்டுக் குனிந்தார். என்னை வீடு கட்டுகிற மேசன் ஒருவர் என்று நினைத்துவிட்டாராம், பிறகு சொன்னார். ஊதுபத்தி திரிக்குக் கிட்டப் போனது.

கேற்றடியில் வெள்ளை விரித்த சின்ன மேசை. அதில் குத்துவிளக்குகளுக்கு நடுவில் நிறைகுடம், மாவிலையும் தேங்காயும் வைத்து. வேறு தண்ணீர் கண்ணுக்கெட்டிய இடத்தில் இல்லை. தேங்காயைத் தட்டிவிட்டேன். குடத்தைத் தூக்கி அப்படியே அவர் கையிலும் ஊதுபத்தியிலும் வெடிச் சரத்தின் தலையிலும் கவிழ்த்தேன். குத்துவிளக்குகளையும் வாயால் ஊதி அணைத்தேன்.

மாப்பிள்ளை வாசலுக்கு வரும் நேரத்தில் நிறைகுடத்தைக் கவிழ்த்து, விளக்கை ஊதி அணைத்தவன் நம் ஊரில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு கிழவி "ஐயோ, அறுவான்!" என்று என்னைத் திட்டி மார்பில் அடித்துக்கொண்டாள். தாய்மாமன் என் கன்னத்தில் விட்டார் ஒன்று. காது கூவியது. யாரோ என் சேட்டைப் பிடித்துக் கிழித்தார்கள். அதில் ஒரு நன்மை, மேளம் நின்றது.

அந்த அமைதியில்தான் நான் வாயைத் திறந்தேன். "சசி! என்ஜினை ஓஃப் பண்ணு. மறுகா ஸ்டார்ட் பண்ணாத." அவன் என் முகத்தைப் பார்த்தான், உடனே நிறுத்திவிட்டான். "எல்லாரும் பின்னுக்குப் போங்க. ஒருத்தரும் நெருப்பு மூட்டப்படாது. பெற்றோல் ஒழுகுது."

காருக்குக் கீழே மணல் இரண்டு கை அகலத்துக்கு நனைந்திருந்தது. சனம் அப்போதுதான் மணத்தை உணர்ந்து விலகியது. மாப்பிள்ளை முன் சீற்றிலிருந்து தலைப்பாகையோடு இறங்கினான். பின் சீற்றில் கலா இருந்தாள். மாப்பிள்ளையின் அக்கா என்றபடியால் கூட வரும் மாப்பிள்ளைத் தோழி அவள்தான், மடியில் பெண்ணுக்கான கூறைச்சேலை வைத்த கூறைத்தட்டு. இரண்டு கதவுக் காரில் முன் சீற் மடிந்தால்தான் பின்னாலிருப்பவர் இறங்கலாம். சசி லீவரை இழுத்தான், மடியவில்லை. லீவர் தேய்ந்திருப்பதை முதல் நாளே கண்டவன் நான். சின்ன வேலை என்று கணக்கில் சேர்க்காமல் விட்டவனும் நான்.

சைலன்சர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சொட்டு விழுவது எனக்குக் கேட்டது.

"சீற்றுக்கு மேலால ஏறி வா புள்ள! கெதியா!"

"தட்ட வாங்குங்க முதல்ல."

"தட்ட விட்டுட்டு வா!"

"கூறை கிடக்கு ஐயா! நிலத்தில படப்படாது. தம்பி, இஞ்ச வாங்கு!"

நான் கத்துகிறேன், சசி அழுகிறான், அவளானால் இரண்டு கையாலும் தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தம்பியின் கைக்கு அது போகும்வரை அசையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மாப்பிள்ளை குனிந்து தட்டை வாங்கினான். அதன் பிறகுதான் அவள் சேலையைச் சுருட்டிக்கொண்டு சீற்றுக்கு மேலால் ஏறினாள். சசி கையைப் பிடித்து இழுக்க, முழங்கால் உரசி, வெளியே வந்து விழுந்தாள்.

பிறகு சாக்கில் மணல் கொண்டுவந்து கொட்டினோம். ஆறேழு பேர் சேர்ந்து, என்ஜினைத் தொடாமல், காரைத் தள்ளி வீடில்லாத வெறுவளவு ஒன்றில் விட்டோம். பெண்ணின் தாய் உள்ளே போய் இன்னொரு குடத்தில் தண்ணீர் நிறைத்துக்கொண்டு வந்தார். சகுனம் பிழைத்துவிட்டது என்று முணுமுணுத்தவர்களைப் பார்த்து, "என்ன பிழைச்சது? எல்லாரும் உசிரோட நிக்கிறம்தானே, வழிய விடுங்க" என்றார். மாப்பிள்ளை நடந்தே உள்ளே போனான். தாலி முகூர்த்தத்துக்குள் ஏறியது. நான் கிழிந்த சேட்டோடு காருக்குக் காவலாக வெறுவளவில் நின்றேன். சாப்பாட்டுக்குத் தாய்மாமனே வந்து கூப்பிட்டார். போக மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் சசியும் கலாவும் கராஜுக்கு வந்தார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நான் குழாயின் கதையை ஒளிக்காமல் சொன்னேன். பிய்ந்த துண்டையும் காட்டினேன். சசி அதைக் கையில் வாங்கி உருட்டிக்கொண்டிருந்தான்.

கலா சொன்னாள்: "பாலத்தில வரக்கையே பெற்றோல் மணந்தது ஐயா. நிப்பாட்டுங்க எண்டு இவருக்குச் சொன்னன். ஐயா இதோட சரியெண்டு சொன்னவர்தானே எண்டார். எனக்கும் அது சரியாத்தான் பட்டிச்சு. பேசாம இருந்திட்டன்."

என் கன்னத்தில் விழுந்த அடி எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. மூக்குக்குத் தெரிந்ததை என் வாய்ச்சொல் மறைத்திருக்கிறது. நீங்கள் ஒரு வாகனத்தைப் பார்த்து ஒரு தொகையைச் சொல்லும்போது, அதை விலை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கேட்கிறவர்கள் அதை நம்பிப் பிள்ளைகுட்டியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

"உங்களப் பாக்கப் பாவமாக் கிடந்தது புள்ள" என்றேன். "அதாலதான் பாதியச் சொன்னன்."

"மத்தப் பாதியச் சொல்லுங்க."

சொன்னேன். ரயர் நாலும் மாற்ற வேண்டும். பெற்றோல் குழாய் முழுக்க மாற்ற வேண்டும்.

"வேற?"

முன் பிறேக். என்ஜின் தாங்கிகள். சீற் லீவர்.

"வேற?"

அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். வருடா வருடம் வரப்போகிறவற்றையும் சொன்னேன். அது குடிக்கும் உயர்ந்த பெற்றோலையும், காப்புறுதியையும், ஒரு சாமான் வரும்வரை மாதக்கணக்கில் கார் கராஜில் நிற்கப்போவதையும் சொன்னேன். இரண்டு வருடச் செலவு காரின் விலையைத் தாண்டியது. முப்பத்தைந்து வருடத் தொழிலில் ஒருவருக்கு முழுவதையும் சொன்னது அதுதான் முதல் தரம்.

சசி எழும்பி வாசல்வரை போய் வெயிலில் நின்றான். திரும்பி வந்து கார்ச் சாவியை என் மேசையில் வைத்தான். "வித்துத் தாங்க ஐயா" என்றான். ஏழு வருடம் கம்பி கட்டிய கை அது. நான் தலையாட்டினேன்.

கலா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். வாசலடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"வாங்க வாறவனுக்கும் பாவம் பாத்திராதீங்க ஐயா" என்றாள்.